பெரிய வெள்ளிக்கிழமைத் தூறல்

சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் சிட்லபாக்கம் ஏரி, நடுவில் எருமைகள் படுத்துக் கிடக்கும் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. ஏரிக்குக் கீழே குடியிருந்தவர்களுக்கு அந்த வாரம் முழுக்க ஒரே வேலைதான்: வானத்தைப் பார்ப்பது. மல்லித்தோட்டம் வைத்திருந்த சாராள் பார்த்தாள். கத்தரியும் முள்ளங்கியும் போட்டுத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூடை தூக்குகிறவர்கள் பார்த்தார்கள். அறுப்பு முடிந்ததும் கோடை உழவு ஓட்டிவிடலாம் என்று பெரிய கழனிக்காரர் ராஜாராமய்யர் பார்த்தார். கிணறுகள் எல்லாம் சேற்றைக் கக்கிக்கொண்டிருந்தன. ஒரு மழை, ஒரே ஒரு மழை பெய்தால் போதும் என்று மாதா கோயிலிலும் அம்மன் கோயிலிலும் சூடமும் மெழுகுவத்தியும் எரிந்தன.

அமலராணியும் பார்த்தாள். வந்துவிடப் போகிறதே என்று அவள் பார்த்தாள். ஊரே வா வா என்று கூப்பிடுகிற மழையை ஒருத்தி மட்டும் வராதே என்று வேண்டிக்கொள்வது எத்தனை பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவளுடைய குள்ளக்கார் நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. முற்றிய குள்ளக்காரில் நல்ல மழை ஒன்று விழுந்தால், கதிர் நின்ற இடத்திலேயே வெள்ளை வெள்ளையாக முளை விட்டுவிடும். அப்புறம் அது மாட்டுக்குத்தான்.

போன வருஷம் நெல் வீடு வந்து சேரவில்லை. அதற்குக் காரணம் மழை இல்லை, ரேடியோ. அவள் புருஷன் சவுரிமுத்து பல்லாவரம் சந்தையில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் வாங்கி, அதை எருமை மாட்டைவிடப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் விவசாயிகளுக்கான செய்தி வரும்போது வீட்டில் யாரும் இருமக்கூடாது. போன வருஷம் அந்தப் பெட்டி, வட கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்று சொன்னது. அந்த ஓரிரு இடத்தில் முதல் இடம் தன்னுடைய கழனிதான் என்று சவுரிமுத்து முடிவுகட்டி, பால் முற்றாத நெல்லைப் பச்சையாகவே அறுத்துப் போட்டான். மழை வரவில்லை. தூற்றினால் பாதிக்குமேல் பதர் பறந்தது. அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு ரேடியோ சவுரி என்று பெயர் நிலைத்தது.

பெயர் அவனுக்குப் போனது. சோறு போனது அமலராணிக்கு. அந்த வருஷம் முழுக்க ரேஷன் கடைக் கோதுமை. உடைத்துக் கஞ்சியாக, வறுத்து உப்புமாவாக, ஊறவைத்து அரைத்துத் தோசை என்ற பெயரில் ஏதோ ஒன்றாக. சின்னவள் பிலோமினா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “சோறு போடும்மா, சோறு” என்று அழும்போதெல்லாம் அமலராணி தன் தட்டையும் தள்ளிவைத்துவிடுவாள். அதனால்தான் இந்த வருஷம் ஒவ்வொரு கதிரையும் அவள் தானே களை பறித்து, ஏரித் தண்ணீர் நின்ற பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி வளர்த்திருந்தாள்.

இந்த வருஷமும் திங்கட்கிழமை டிரான்சிஸ்டர் அதே வார்த்தையைச் சொன்னது. ஓரிரு இடங்களில்.

“நெல்லு முத்திட்ச்சிய்யா. ரேடியோ சொல்லுதோ இல்லியோ, அறுத்துடலாம். கன்னியம்மாகிட்ட ஆளுக்குச் சொல்லு” என்றாள் அமலராணி.

“போன வருசம் அதும் பேச்சைக் கேட்டு நான் பட்டது போதாதா? இப்ப ஓடிப்போயி ஆளு கூப்ட்டா, டீக்கடையில கீறவன்லாம் சிரிப்பான். ரெண்டு நாளு போவட்டும்.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். அவனா சோறு போடறான்?”

“வுடு அமலா. எனக்குத் தெரியும்.”

சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது. புதன்கிழமை சாயங்காலம் வண்டலூர் மலைப் பக்கம் மின்னல் வெட்டியதும், அந்தப் பூனை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கன்னியம்மாவின் வீட்டுக்கு ஓடியது. கன்னியம்மா அறுப்புக் கூட்டத்துக்குத் தலைவி. அவள் சொன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அரிவாளோடு வருவார்கள், அவள் சொல்லாவிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள். ரேடியோவை நம்பிய மற்றவர்கள் எல்லாரும் அவளை முன்பே பிடித்து வைத்துவிட்டார்கள்.

“லேட்டா வந்துகீறியேண்ணா. ராசாராமய்யரு கழனி எறங்கிட்டோம். அது முடிய ரெண்டு மூணு நாளாவும். உன்னுது இனிமே திங்கக்கெழமதான்” என்றாள் கன்னியம்மா.

“திங்கக்கெழம வரைக்கும் வானம் நிக்குமா?”

“அத்த உன் பொட்டியாண்டயே கேளு.”

ஒற்றை ஆளாக அறுக்கலாம். ஆனால் அறுத்ததைக் கட்டித் தூக்கிக் களம் சேர்க்க ஆள் இல்லாமல் அறுத்துப் போட்டால், நிற்கிற நெல்லைவிடக் கிடக்கிற நெல் சீக்கிரம் கெடும். அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதனால் வியாழக்கிழமை பகலை வானத்தைப் பார்த்தே ஓட்டினார்கள். சாயங்காலம் பெரிய வியாழன் பூசை. பூசை நடுவில் கோயில் மணியைக் கடைசியாக ஒரு தரம் அடித்துக் கயிற்றைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். இனி ஈஸ்டர் ராத்திரிப் பூசையில்தான் மணி பேசும்.

மணி ஓய்ந்ததிலிருந்து மறுபடி அடிக்கும் வரைக்கும் மண்ணில் இரும்பு படக்கூடாது என்பது அந்த ஊர்க் கத்தோலிக்கருடைய வழக்கம். மண்வெட்டி எடுக்கமாட்டார்கள், அரிவாள் எடுக்கமாட்டார்கள், மாடு கட்ட முளைகூட அடிக்கமாட்டார்கள். ஆண்டவர் உடம்பில் இரும்பு இறங்கிய நாளில் அவர் படுத்திருக்கும் மண்ணில் இன்னொரு இரும்பா என்பது பேச்சு. சவுரிமுத்துவுக்கு அது பேச்சு மட்டும் இல்லை. அவன் அண்ணன் ஏசுபாதம் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை வாழைக்கன்றுக்குக் கீழே அகழ்ந்தபோது மண்வெட்டி காலில் இறங்கி, இன்றைக்கும் விந்தி விந்தித்தான் நடக்கிறான். போதாக்குறைக்கு மணி ஓய்ந்த நாட்களில் வழிபாட்டுக்கு ஜனங்களைக் கூப்பிட மரமணியோடு தெருத் தெருவாகப் போகிறவனே சவுரிமுத்துதான். கைப்பிடி வைத்த பலகையில் ஒரு கட்டை புரண்டு புரண்டு அடிக்கும். டக டக டக. அவன் அப்பா அடித்த பலகை அது.

பூசை முடிந்ததும் அமலராணி சாமியாரிடம் போனாள்.

“தோத்திரம் சாமி. நாளைக்கி நெல்லு அறுத்தா பாவமா?”

சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அப்படி ஒரு சட்டம் திருச்சபையில எங்கயும் இல்லையேம்மா. உபவாசம் இருங்க. மூணு மணி வழிபாட்டுக்கு வந்துருங்க. பிள்ளைங்க வயித்துக்கு உழைக்கிறதை ஆண்டவர் பாவம்னு சொல்லமாட்டார்.”

அதை வீட்டில் வந்து சொன்னாள். சவுரிமுத்து அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டே யோசித்தான்.

“சாமியாரு திருநெல்வேலிக்காரரு. நம்ம மண்ணப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?” என்றான்.

சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை அமலராணிக்கு. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை நாலு தூற்றலாவது போடாமல் போகாது என்பதும் அதே ஊரின் நம்பிக்கைதான். ஆண்டவர் சாகும் நேரத்தில் வானம் அழும். எந்த வருஷமும் தப்பியதில்லை என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆக, மழை நிச்சயம் என்று தெரிந்த நாளில்தான் அறுக்கக்கூடாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அந்த எறும்புக்காவது கொள்ளியை விட்டுக் குதிக்க இடம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோதே காற்று செத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் கசகசவென்று பிசுபிசுத்தது. கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு வாயைப் பிளந்தன. சவுரிமுத்து வெறும் வயிற்றோடு மரமணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அமலராணி கழனி வரப்பில் போய் நின்றாள். மேற்கே மலைக்கு மேல் மேகம் கறுத்துத் திரண்டுகொண்டிருந்தது. செவ்வரி ஓடிய கதிர்கள் ஆடாமல் அசையாமல் தலைகுனிந்து நின்றன, அடிக்குக் காத்திருக்கிற பிள்ளைகளைப்போல.

அப்போதுதான் வரப்பு மேல் பேச்சுச் சத்தம் கேட்டது. கன்னியம்மாவும் அவள் கூட்டமும். தலையில் சும்மாடு, இடுப்பில் அரிவாள்.

“இன்னாக்கா அப்டிப் பாக்கறே? மானத்தப் பாத்துட்டு அய்யரு பதறிப்பூட்டாரு. நெலா வெளிச்சத்துல ராவெல்லாம் அறுத்து முடிச்சிட்டோம். வூட்டுக்குப் போயி படுக்கலாம்னுதான் வந்தோம். உன் நெல்லப் பாத்தா மனசு கேக்கல. எறங்கட்டுமா?”

அமலராணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரி முழுக்க அறுத்த பெண்கள். கண் இமைகள் வீங்கியிருந்தன.

“எறங்குங்கடி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். உங்களுக்கு இன்னா, இந்த நாளு உங்க சாமி நாளு இல்லியே.”

“எங்களுக்கு ஒண்ணும் கெடையாது. நீ மொதப் புடிய அறுத்துக் குடு.”

அமலராணி அப்படியே நின்றாள். இதை அவள் எப்படி மறந்தாள்? கழனிக்கு உரிய வீட்டுக்காரர் கை முதல் பிடியை அறுக்காமல் எந்தக் கூட்டமும் கழனியில் அரிவாளைப் போடாது. வீட்டுக்காரர் கை படாத நெல் வீடு தங்காது என்பது அவர்கள் வழக்கம்.

“நான் அரிவா தொடக்கூடாதுடி இன்னிக்கி. நீயே அறு. நான்தான் சொல்றேனே.”

“அது ஆவாதுக்கா.” கன்னியம்மா தலையை ஆட்டினாள். “செம்பாக்கத்துல அப்டிதான் ஒரு மொற, வூட்டுக்காரன் ஆசுபத்திரியில கீறான்னு நாங்களே எறங்குனோம். முனியம்மாள நாகம் புட்ங்கிச்சி. அதுலேர்ந்து வுட்டுட்டோம்.”

“அப்ப நான் இன்னா பண்றது?”

“அண்ணன இட்டுகினு வாயேன்.”

“அவரு மரமணி அடிச்சிகினு கீறாரு. அவரா அரிவாளத் தொடுவாரு?”

கன்னியம்மா வானத்தைப் பார்த்தாள். கூட்டத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வரப்பில் குந்தினார்கள். ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். மேற்கே உறுமியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். தன் சாமியும் அவர்கள் சாமியும் ஒன்றுக்கொன்று தெரியாமலே இரண்டு பக்கத்திலிருந்தும் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதாக அமலராணிக்குத் தோன்றியது. பிலோமினா தட்டைத் தள்ளுவது கண்ணுக்குள் வந்தது.

“இரும்புதானடி படக்கூடாது” என்றாள். கழனிக்குள் இறங்கினாள். இடது கையால் ஒரு கொத்துக் கதிரைச் சேர்த்துப் பிடித்து, வலது கை நகத்தால் தாளைக் கிள்ளினாள். தாள் காய்ந்து கம்பியாக இருந்தது. கிள்ள வரவில்லை. முறுக்கினாள், இழுத்தாள். உள்ளங்கையை நெல்லின் தோகை அறுத்தது. ஒவ்வொரு தாளாகப் பிய்த்து ஒரு பிடி சேர்வதற்குள் கையில் ரத்தம் கோடு போட்டுவிட்டது. அந்தப் பிடியைக் கன்னியம்மாவிடம் நீட்டினாள்.

கன்னியம்மா அதைக் கண்ணில் ஒற்றி வரப்பில் வைத்தாள். “போதும்க்கா” என்றாள். திரும்பி, “ஏய், எந்திரிங்கடி!” என்று ஒரு குரல் கொடுத்தாள். அடுத்த நிமிஷம் சரக் சரக்கென்று அரிவாள்கள் பேச ஆரம்பித்தன. அப்படி அறுத்து அமலராணி பார்த்ததில்லை. முன்னால் அறுத்துப்போகிறவர்களுக்குப் பின்னால் இரண்டு பேர் அறுத்துப் போட்ட அரிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே வந்தார்கள். அமலராணி கட்டுகளைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினாள். பட்டினி வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வெயில் ஏறியபோது சாராள் கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலையோடு வரப்பில் வந்து நின்றாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி. சின்ன வயதிலிருந்தே சிநேகிதி. அவளுடைய மல்லிச் செடிகள் இலை சுருண்டு, மொட்டு மிளகளவிலேயே கருகிக்கொண்டிருந்தன.

“இன்னாடி பண்ணிகினு கீறே, நாளும் கெழமையும் தெரியாம?”

“நான் இரும்பத் தொடல சாராளு. கையாலதான் கிள்ளுனேன். இந்தா பாரு.”

“நீ கையால கிள்ளுனே. அதுங்க அரிவாளால அறுக்குதுங்களே, யாரு மண்ணுல?”

சாராள் மேகத்தைப் பார்த்தாள், அறுத்த தரையைப் பார்த்தாள். “மழைய வெரட்டிடாதடி மவராசி. என் தோட்டம் அதத்தான் நம்பிகினு கீது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சேதி கோயிலுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? கொஞ்ச நேரத்தில் டக டக சத்தம் தெருவில் நின்றது. சவுரிமுத்து மரமணியோடு வரப்பில் வந்து நின்றான். பெண்கள் அறுப்பதை நிறுத்தி நிமிர்ந்தார்கள். அமலராணி தலையில் கட்டோடு அவனைப் பார்த்தாள். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள். அவன் சொல்லவில்லை. மலைப் பக்கம் மறுபடி உறுமியது. அவன் மரமணியைத் துண்டில் சுற்றி வரப்பில் வைத்தான். ஒரு கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு களத்தைப் பார்த்து நடந்தான். கட்டுத் தூக்குவதில் இரும்பு இல்லையே. மூணு மணி வழிபாட்டுக்கு நேரமாகும் வரைக்கும் தூக்கினான். பிறகு மரமணியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனான்.

கடைசிக் கட்டு களம் சேர்ந்தபோது மேகம் தலைக்கு நேரே வந்துவிட்டது. பகல் இருட்டிப்போனது. கன்னியம்மாவின் கூட்டம் நெற்போரின்மேல் பனையோலையும் பழைய தார்ப்பாயும் போட்டு மூடிவிட்டு ஓடியது. அமலராணி களத்தில் தனியாக நின்று, “இனிமே வாடா” என்று வானத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். சாராள் தோட்டத்தை நினைத்து, நெஞ்சார நினைத்துச் சொன்னாள்.

காற்று ஒரு சுழல் சுழன்றது. மேகம் அப்படியே கிழக்கே நகர்ந்து கடலுக்குப் போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

அது அந்த ஊரில் நடந்திராத விஷயம். வழிபாடு முடிந்து வெளியே வந்த ஜனம் கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது. ஈஸ்டர் அன்று அமலராணி வீட்டில் புது அரிசிச் சோறு. சிவப்பு அரிசி, நல்ல மணம், கூட ஆட்டுக்கறிக் குழம்பு. பிலோமினா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். சவுரிமுத்துவும் சாப்பிட்டான், நன்றாகவே சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, “மழ வர்லியே அமலா” என்றான்.

“வந்திருந்தா இன்னிக்கி சோறு ஏது?”

“அதுக்கில்ல. வர்லியேன்னு சொன்னேன்.”

வைகாசி வந்தது, ஆனி வந்தது. மழை மட்டும் வரவில்லை. கிணறுகளில் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டார்கள். சாராள் தன் மல்லிச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி விறகுக்குக் காயவைத்தாள். பிடுங்கும்போது அமலராணி உதவப் போனாள். “நீ தொடாதடி” என்றாள் சாராள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அமலராணிக்குத் தாங்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெரிய வெள்ளிக்கிழமை மழை பொய்த்ததற்கு அமலராணியின் கைதான் காரணம் என்று கோயில் வாசலில் பேசினார்கள். கோடை உழவு ஓட்ட முடியாத ராஜாராமனும் பேசினார். அந்த ஊரில் சாமி பேதம் பார்க்காமல் எல்லாரும் ஒத்துக்கொண்ட சங்கதி அது ஒன்றுதான். கட்டுத் தூக்கிய தலையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தலைக்குரியவனும் ஒன்றும் சொல்லவில்லை. கன்னியம்மா மட்டும் ஒரு நாள், “மேகம் போனா அதுக்கு நீ இன்னாக்கா பண்ணுவே?” என்றாள். ஆனால் அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

மறுவருஷம் ஏரி நிரம்பவில்லை. நெல் போட வழியில்லாமல் அமலராணியும் கத்தரிதான் போட்டாள். பூ வைக்கிற நேரத்தில் கிணறு வற்றியது. இந்தத் தடவை அவளும் எல்லாரையும் போலவே மழையை வா வா என்று கூப்பிட்டாள். பங்குனி முடியப்போகிற சமயத்தில் பெரிய வாரம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை காலையில் சவுரிமுத்து மரமணியைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கி நின்றான்.

“அமலா, இன்னிக்கி நீ வூட்டுலயே இரேன். கோயிலுக்குக்கூட வர்வாணாம்.”

“ஏன்யா?”

“ஊர்ல கேட்டுக்கிறாங்க. சாராளு, ஏசுபாதண்ணன், அல்லாரும்தான். நீ மானத்தப் பாக்காம இருந்தா நல்லதுன்னு. ஒரு நாளுதானே.”

“நீ இன்னா சொல்றே?”

சவுரிமுத்து பலகையிலிருந்த கட்டையை விரலால் தள்ளினான். அது ஒரு தரம் டக்கென்று அடித்தது. “எனக்குத் தெரியும் அமலா. நீ ஒண்ணும் பண்ணல. ஆனா மழ வரணுமே” என்றான்.

கதவைச் சாத்திவிட்டுப் போனான். தாழ்ப்பாள் போடவில்லை. அவள் எழுந்து ஒரு கையால் இழுத்தால் திறந்துகொள்ளும். அவள் எழவில்லை. உள்ளே புழுங்கியது. மரமணிச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கோயிலில் பாட்டுக் கேட்டது. மழை வரவேண்டும் என்று வேண்ட வாய் திறந்தாள், வேண்ட முடியவில்லை. தான் அடைந்து கிடக்கும்போதே அது வந்துவிட்டால், இத்தனை நாளும் மழையைத் தடுத்தது தான்தான் என்று ஊர் முடிவுகட்டிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. வரவேண்டாம் என்று வேண்டவும் மனசு வரவில்லை. வெளியே அவள் கத்தரிச் செடிகள் வாடிக்கொண்டிருந்தன. கடைசியில் எதையும் வேண்டாமல் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வருஷத்துக் கீறல்கள் ஆறி, தடம்கூட இல்லை.

கூரையில் டப் என்று ஒன்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஓலை முழுக்கச் சடசடவென்று கேட்டது. மண்வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. தெருவில் ஜனங்கள் கூவினார்கள். “ஆண்டவரே, ஆண்டவரே” என்று சாராள் அழுதுகொண்டே சிரிப்பது தனியாகக் கேட்டது. அமலராணி எழுந்து ஓடிவந்து கதவின்மேல் கையை வைத்தாள்.

கதவு வெளியிலிருந்து திறந்தது. தலையெல்லாம் நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாக சவுரிமுத்து நின்றான். கல்யாணமான புதிதில்கூட அவனை அப்படி அவள் பார்த்ததில்லை.

“வந்துட்ச்சி பாத்தியா அமலா! நல்லாப் புடிச்சிகிட்ச்சி!”

அவன் தோளுக்கு மேலே வெள்ளையாக இறங்கும் மழையை அவள் பார்த்தாள். தன் கத்தரிச் செடிகளும் நனைந்துகொண்டிருக்கும்.

“அப்ப நான் வெளிய வர்லாமா?” என்றாள்.

சவுரிமுத்து திரும்பி வானத்தைப் பார்த்தான்.

“இரு. இன்னும் கொஞ்சம் பேஞ்சிக்கட்டும்” என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினான்.